மாட்டுக்கு உண்டு, மாப்பிள்ளைக்கு இல்லை

வாங்க மாப்ளே! போன வருசம் பெஸ்தாரி ஜெயா கோப்பிக்கடையில, தடுப்பூசிக்குள்ள சிப்பு இருக்குன்னு ஊரையே கூட்டினது நீங்கதானே? இப்ப என்னடான்னா, தடுப்பூசி போட்டா மரு உதிருமாமேன்னு போனும் கையுமா என் திண்ணைக்கு வந்திருக்கீங்க.

உதிரும்தான், நெசம். தட்டம்மைக்கும் பொன்னுக்குவீங்கிக்கும் போடுற எம்.எம்.ஆர். ஊசியைத் தோல் டாக்டருங்க மருவுக்குள்ளேயே இறக்குறாங்க. சிலருக்கு ஊசியே படாத மருவும் சேர்ந்து உதிருது. மரு வைரஸ் தோலோட மேலடுக்குல பதுங்கிக் கிடக்கும், உடம்பு கண்டுக்காது. தெரிஞ்ச மருந்து அங்க இறங்கினதும் உடம்பு சண்டைக்குப் பாயும், மருவும் சிக்கிக்கும். எல்லாருக்கும் பலிக்காது. உங்க அத்தை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டாங்க, அதுவும் உதிர்ந்துச்சு. பிள்ளைங்க மரு பலதும் ரெண்டு வருசத்துல தானாவே போயிடும். பேர் யாருக்குன்னு அம்மனும் டாக்டரும் பேசிக்கட்டும்.

உங்க தோள் தழும்பைப் பாருங்க. அது நம்ம மலேசியாவுல 1961-லேர்ந்து பிள்ளைங்களுக்குப் போடுற பி.சி.ஜி. காசத்துக்குத்தான் போட்டது. ஆனா 1968-ல செங்கல்பட்டுல தொடங்கின பெரிய ஆய்வுல, பெரியவங்களோட நுரையீரல் காசத்தை அது தடுக்கலைன்னு தெரிஞ்சுது. மலாவி நாட்டுக் கரோங்காவுல இன்னும் கூத்து. அங்கயும் காசத்துக்குக் கைவிரிச்ச ஊசி, தொழுநோயைப் பாதியாக் குறைச்சுது. ரெண்டு கிருமியும் பங்காளிங்க. ஒருத்தனைத் தேடிப் போன போலீசு இன்னொருத்தனைப் பிடிச்ச கதைதான். ஆனாலும் குழந்தைங்களுக்கு மூளையில வர்ற காசத்தை பி.சி.ஜி. நல்லாத் தடுக்குது, அதனால இன்னும் போடுறாங்க.

தொழுநோய்னா உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பூச்செடி வாங்கப் போற சுங்கை பூலோவுல 1930-ல குடியிருப்பே திறந்தாங்க. தேமல்ல உணர்ச்சி இல்லைன்னா வீட்டை விட்டுப் பிரிச்சு அங்க அனுப்பின காலம் அது. அந்தப் பேரைச் சொன்னாலே லயத்துல வாயைப் பொத்துவாங்க.

சரி, மருவை விடுங்க. சட்டைக்குள்ள கையை விட்டுச் சொறியிறீங்களே, அந்தப் படர்தாமரைக்கும் ஊசி கேட்டு வந்தீங்களா? அது பூஞ்சை. மாட்டுப் படைக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்சிட்டாங்க, மனுசனுக்கு இன்னும் இல்ல. எந்த வரிசையில நிக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

மனுசங்க வரிசைன்னா அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சட்டையைக் கழட்டி டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு வெள்ளிதான். நீங்க வாய் பேசிக்கிட்டே குடிக்கிற கோப்பி அதைவிட விலை.