எள் என்றால் மாவு

அமெரிக்காவில் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாக எள்ளும் ஏறியது. எள் சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும்.

எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள் உண்டு. சில ரொட்டிக் கம்பெனிகள் மாவாகவே நின்றன! எள் ரொட்டி செய்யும் இயந்திரத்திலேயே எள்ளில்லா ரொட்டியும் செய்ய, ஓர் எள்கூட ஒட்டாமல் அதைக் கழுவுவது பெரும்பாடு. அதைவிடச் சுலபம், எள்ளே இல்லாதிருந்த ரொட்டியிலும் கொஞ்சம் எள் மாவைக் கலந்துவிட்டு, 'எள் உண்டு' என்று அச்சடிப்பது. சட்டப்படி குற்றமில்லை, பொய்யுமில்லை.

மாட்டிக்கொண்டது குழந்தைக் காப்பகத்துச் சமையற்கட்டு. எள் ஒவ்வாத மூன்று வயது வாண்டுக்குப் போன மாதம்வரை நம்பிக் கொடுத்த அதே பன்தான். அதே உறை, அதே ருசி. மாற்றமெல்லாம் உறையின் பின்பக்கம், எள்ளளவு எழுத்தில். பராமரிப்பாளர் ஒரு கையில் ஒவ்வாமைக்கான எபிநெப்ரின் ஊசியும் மறு கையில் பூதக்கண்ணாடியுமாக நிற்கிறார். வாண்டு ஜாம் கேட்கிறது.