பூட்டிய கடைக்குக் கூகுள் வருமா?

கேள்வி: ஷாப்பிஃபையில் போர்வைக் கடை திறந்து இரண்டு மாதமாகிறது. கூகுளில் தேடினால் என் கடை மட்டும் தலைகாட்டுவதில்லையே, ஏன்?
- ஈரோடு வாசகர்

பதில்: கடவுச்சொல் பூட்டைத் திறந்தீர்களா? ஷாப்பிஃபை புதுக் கடையைப் பூட்டித்தான் கையில் கொடுக்கும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கல்லாவைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். கூகுள் வாசலோடு திரும்பியிருக்கும்.

திறந்தாயிற்று என்றால், கூகுள் சர்ச் கன்சோலில் கடையைப் பதியுங்கள். காசு கிடையாது. ஷாப்பிஃபை தானாகவே போட்டு வைத்திருக்கும் சைட்மேப்பின் (கடைப் பக்கங்களின் பட்டியல்) முகவரியை அங்கே கொடுங்கள். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி வரை அடங்கும். உங்கள் போர்வைகளுக்குத் தாராளம். பிறகு ஒவ்வொரு பக்கமாக அங்கே சோதித்தால், கூகுள் அதைச் சேர்த்ததா, இல்லையென்றால் ஏன் என்று கன்சோலே சொல்லும். 'நோஇண்டெக்ஸ்' (சேர்க்காதே) என்று வந்தால் தடை போட்டது கூகுள் அல்ல, உங்கள் தரப்புதான். கூகுள் வந்து பார்த்தும் சேர்க்கவில்லை என்றால் சரக்கில் அல்ல, எழுத்தில் கோளாறு இருக்கலாம். மில்காரர் அனுப்பிய ஒரே வர்ணனையை எல்லாப் போர்வைக்கும் ஒட்டினீர்களா, இல்லையா? நீளம் எவ்வளவு, சாயம் போகுமா, மெஷினில் துவைக்கலாமா என்று நீங்களே எழுதுங்கள்.

இதற்குள் 'நாளைக்கே முதலிடம்' என்று ஒருவர் போன் செய்திருப்பாரே? கூகுளே காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்வதில்லை.