முதலில் படிவம், பிறகு பாயசம்

கே: ஜெர்மனியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் தமிழ் கற்றுக்கொள்ள மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்க வருகிறாள். கட்டில் வாங்கட்டுமா?
- வாசகி, மூங்கில்துறைப்பட்டு

ப: கட்டில் காத்திருக்கும், போலீஸ் காத்திருக்காது. லாட்ஜோ சொந்த வீடோ, வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அதற்கான படிவம் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டையே தங்குமிடமாகப் பதிவு செய்ய வேண்டும். அவள் விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுங்கள். "நம்ம பொண்ணு மாதிரிங்க" என்பது அங்கே செல்லுபடியாகாது.

கே: நம் காரத்தைத் தாங்குவாளா?
- அதே வாசகி

ப: முதல் வாரம் கண்ணீர் விடுவாள். மூன்றாவது வாரம் கருவாட்டுக் குழம்பில் புளி பத்தவில்லை என்பாள். கவலை களியைப் பற்றித்தான். உருண்டையை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டால், பாவம், சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருப்பாள். கிள்ளி, குழம்பில் புரட்டி, பல்லில் படாமல் உள்ளே தள்ளும் வித்தையை ஆயா எதிரில் உட்கார்ந்து காட்டட்டும். தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

கே: தெருவே வேடிக்கை பார்க்க வருமே, என்ன செய்வது?
- அதே வாசகிதான்

ப: வரட்டும். "கல்யாணம் ஆச்சா? அப்பாவுக்கு என்ன சம்பளம்?" இரண்டையும் கேட்காமல் நம் தெரு யாரையும் விடாது. அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சம்பளம் கேட்கமாட்டார். முதல் நாளே சொல்லி வையுங்கள், சிரித்துச் சமாளிப்பாள். தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று கொடுங்கள். அவள் கதவைச் சாத்தினால் அது கோபமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. "என்ன கண்ணு, உடம்புக்கு முடியலையா?" என்று தட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

கே: வெளிநாட்டார் நம் கிராமத்தில் தங்கி ஒட்டிக்கொண்டதாகச் சரித்திரம் உண்டா?
- வாசகர், சங்கராபுரம்

ப: பேஷாக உண்டு. 1960-களின் நடுவில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965-ல் அங்கே அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டு டேப்பில் பிடித்தார். கொங்கு நாட்டைப் பற்றி 1972-ல் புத்தகம் போட்ட பிறகும் அந்தக் கதையை அவர் விடவில்லை, கார்ட்டூன் படமாகவே எடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் இன்னொரு மானிடவியலாளர், மார்கரெட் டிராவிக். திருக்கோவையார் பாடம் கேட்க ஒரு தமிழறிஞரிடம் வந்தார், அந்தக் குடும்பத்தோடேயே தங்கினார். கடைசியில், 1990-ல் வெளியான புத்தகத்தில் வீட்டாரே கதாநாயகர்கள். பெற்ற தாய் பிள்ளையை ஆசையாக உற்றுப் பார்க்கமாட்டாள், கண் பட்டுவிடும். கொஞ்சுவதையும் திட்டுகிற மாதிரிதான் கொஞ்சுவாள். நாம் கவனிக்காத இதையெல்லாம் விருந்தாளி கவனித்து எழுதிவிட்டார். ஆகவே மூங்கில்துறைப்பட்டு வாசகி கவனிக்க: மாமியாரோடு சண்டை இருந்தால் மூன்று மாதம் தள்ளிப் போடவும். அச்சேறிவிடும்.

கே: வருகிறவளுக்கு இங்கே சுற்றிக்காட்ட என்ன இருக்கிறது?
- வாசகர், மூங்கில்துறைப்பட்டு

ப: அவள் வருவது சுற்றிப் பார்க்க இல்லையே! கரும்புக் கொல்லைக்கு அழைத்துப் போய்ச் சோகை உரிக்கக் கொடுங்கள். முழுக்கைச் சட்டை போடாமல் விடாதீர்கள், சோகை கையை அறுக்கும். அரவைக் காலமென்றால் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் பின்னால் ஓடிக் கரும்பு உருவும் பையன்களைக் காட்டலாம். சேர்ந்து ஓடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. சாத்தனூர் அணை திறந்திருந்தால் தென்பெண்ணையைக் கரையில் நின்று பார்த்தால் போதும். ஒரு நாள் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. சுதந்திரம் மலையேற இத்தனை நாளாயிற்று என்று சொல்லுங்கள், நம்பமாட்டாள். வீட்டு வாசலில் இருப்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கே: சாப்பாட்டுக்குக் காசு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?
- வாசகி, மூங்கில்துறைப்பட்டு

ப: வாங்காவிட்டாலும் சொல்லும். வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: என் பையன் ஜப்பானில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கப் போகிறான். புத்திமதி?
- வாசகர், ரிஷிவந்தியம்

ப: வெளியே உட்கார்ந்து சோப்பு போட்டுக் குளித்து முடித்துவிட்டுத்தான் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அது அழுக்குப் போக்க இல்லை, ஊற. எழுந்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடக் கூடாது. அதே தண்ணீரில்தான் வீட்டில் மற்றவர்களும் ஊறுவார்கள். சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் நட்டு வைத்தால் அது சாவு வீட்டுப் படையல். சாப்பிட்ட தட்டை அவனே எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் பழக்கம் உண்டா? இல்லையென்றால் இன்று ராத்திரியே ஒத்திகையைத் தொடங்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்காரலாம்.