கம்பி நீட்டிய வீட்டுக்காரர்

ஒருவர் கம்பி நீட்டிவிட்டார் என்றால், கடனை வாங்கிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார் என்று அர்த்தம். ஆனால் மதுரையில் ஆனையூர், விளாங்குடி, திருப்பாலை, அவனியாபுரம் பக்கம் கம்பி நீட்டியவர்கள் எங்கேயும் போவதில்லை. தெருமுனையில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை நிறுத்திவிட்டு, தன் வீட்டு மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாடியில் தூணுக்கு ஒன்றாகத் துருவேறிய கம்பிக் கொத்து ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பார்களே, அதுபோல ஆகாயத்தில் பிடித்துவைத்த இடம் அது.

அப்படி ஒருவரின் மேல் வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தேன். அவரை ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருக்காரர்களைப் பார்த்த பிறகுதான் அவர் ஓர் இனம் என்று புரிந்தது. ஓய்வுபெற்ற நடத்துநர், வாத்தியார், மில்லில் இருந்து வந்தவர் என்று ஆள்தான் மாறும். வண்டியில் தொங்கும் பை மாறாது. பைப் ஸ்பேனர், டெஃப்லான் டேப், ஒரு பல்பு, மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸ், 'வீடு வாடகைக்கு' அட்டை. அந்த அட்டையின் பின்பக்கத்தில் 'வீடு ஒத்திக்கு' என்று எழுதியிருக்கும். மாதக் கடைசியின் நெருக்கடியைப் பொறுத்து அட்டை திரும்பும்.

நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட எங்கள் வீட்டுக்காரர் பிறந்தது தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு வளவில். பதினோரு குடித்தனத்துக்கு ஒரு குழாய். வாடகை தர ரெண்டு நாள் தாமதமானால் வளவுக்காரம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வாளாம், பேசவே மாட்டாளாம். "அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி, நம்மளும் ஒரு நாள் அப்பிடி உக்காரணும்னு." இப்போது உட்காருகிறார். ஆனால் பேசிக்கொண்டே உட்காருவார். அதற்கு வளவுக்காரம்மாவே தேவலை.

வீடு கட்ட அவர் பணம் புரட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். கீழ்த்தளம் பி.எஃப். பணத்தில் எழுந்தது. முதல் மாடி, சம்பளச் சீட்டு கையில் இருந்த காலத்தில் எடுத்த வங்கிக் கடன். மே 2022 முதல் பிப்ரவரி 2023 வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்தில் இருந்து 6.5 ஆக்கியபோது, இவருடைய தவணைத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்று தெருவெல்லாம் பெருமை பேசினார். பிறகுதான் தெரிந்தது, ஏறியது தவணை இல்லை, வருஷம். மொட்டைமாடிக் கம்பியைவிடக் கடன் அதிகமாக நீண்டுவிட்டது.

இரண்டாவது மாடி ஒத்தியில் எழுந்தது. ஒத்தி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. குடிவருகிறவர் 6 லட்சம் மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வேண்டும். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இதற்கு இடம் உண்டு: அனுபவத்தோடு கூடிய அடமானம், பதிவு செய்ய வேண்டும் என்று. எங்கள் அண்ணன் முத்திரைத்தாளில் எழுதி, டீ மாஸ்டரையும் மச்சினனையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து முடித்துக்கொள்வார்.

"வட்டியில்லாப் பணம் தம்பி, எந்த பேங்க்காரன் தருவான்?" என்பார். ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் 7,000, வருஷத்துக்கு 84,000. ஆறு லட்சத்துக்கு அது 14 சதவீத வட்டி. வீட்டுக்கடன் வட்டி அதைவிட நாலைந்து சதவீதம் குறைவுதானே என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேங்க்காரன் மாசாமாசம் கேப்பான். ஒத்திக்காரன் மூணு வருஷத்துக்கு ஒருக்காத்தான் கேப்பான். அப்பவும் அவனுக்கு நானா தரப்போறேன்? அடுத்து வர்றவன் தருவான்." இதற்கு என் கணக்கில் பதில் இல்லை.

குடிவைப்பதில் அவருக்குத் தனி வேதம் உண்டு. நர்ஸ் உத்தமம். கல்லூரி வாத்தியார் மத்திமம். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபோது, ஒத்தக்கடை முதல் கே.கே. நகர் வரை வீட்டுக்காரர்கள் எல்லாம் வாடகையை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். வக்கீல்களும் வந்தார்கள். வீடு கேட்டதும், அதே வீட்டுக்காரர்கள் 'மக வீட்டு ஆளுக வர்றாக' என்று கதவைச் சாத்தினார்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியபோது எங்கள் அண்ணன் திருமங்கலம் சாலையில் மூன்று நாள் மனை பார்த்துவிட்டு வந்தார். டாக்டர்கள் வக்கீல்களைப் போல் சட்டம் பேச மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

ஆனால் அவருடைய மிகப்பெரிய திறமை கட்டுவதில் இல்லை, மறைப்பதில் இருந்தது. மூன்று வாடகை வீடு, இரண்டு ஒத்தி வீடு. ஆனால் வெளியில் இருந்து யார் கேட்டாலும் அந்தக் கட்டடத்தில் வாடகையே கிடையாது. வீட்டுவரிக்கு அளக்க வந்தவரிடம் "மேல தம்பி குடும்பம் இருக்கு" என்றார். தம்பி நான்தான். வாடகையை ரொக்கமாகத்தான் வாங்குவார், ஜவுளிக்கடை டைரியில் குறித்துக்கொள்வார். மாதம் 8,000 என்று ஆறு வருஷமும் ஏற்றாமல் வைத்திருந்ததைக் கருணை என்று நினைத்திருந்தேன். வருஷத்துக்கு 96,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால், வாடகைப்படிக்கு வரிச்சலுகை தர என் அலுவலகத்தில் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்பார்கள். வாடகை ரசீதாவது கொடுங்கள் என்று நான் கேட்காத மார்ச் மாதம் இல்லை. "நமக்குள்ள எதுக்கு தம்பி எழுத்து?" என்பார். அதில் ஓர் அன்பு தொனிக்கும்.

மூன்றாவது மாடி ஆசை வந்தது ஓய்வுபெற்ற பிறகு. ஒரு வங்கியில் கேட்கப் போனார். மகன் பெங்களூரில் இருந்ததால் துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். பென்ஷன் மட்டும் போதாது, வேறு வருமானம் உண்டா என்று அதிகாரி கேட்டார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வருஷமாக உலகத்துக்குக் காட்டாத வாடகையை அன்றைக்குக் காட்ட வேண்டிய முகூர்த்தம்.

"மாசம் 24,000 வருது சார்."

"அக்ரிமெண்ட்?"

"வாய் வார்த்தைதான் சார். எல்லாம் நம்ம பிள்ளைக."

"பேங்க்ல வரவு வச்சிருக்கீங்களா?"

டைரியை எடுத்து மேஜையில் வைத்தார். அதிகாரி அட்டையைப் பார்த்தார், உள்ளே திறக்கவில்லை.

"ஐ.டி. ரிட்டர்ன்ல காட்டியிருக்கீங்களா?"

"நான் என்ன சார் கம்பெனியா நடத்துறேன்?"

கணக்கில் வராத வாடகையை வருமானமாக எடுக்க முடியாது, பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும், அப்படியே இருந்தாலும் காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் பராமரிப்புக்கும் கழித்துவிட்டு ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று அதிகாரி பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்கு மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை; "காலியாக் கிடக்குமா? என் வீடா?" என்பதில்தான் முகம் சிவந்தது. பிறகு கடைசி அஸ்திரமாக, ஒத்திப் பணம் 12 லட்சம் இருக்கிறதே என்றார்.

"அது நீங்க திருப்பித் தரவேண்டிய கடன் இல்லையா சார்?"

"அத அடுத்த ஒத்திக்காரன் தருவான் சார்."

அதிகாரி பேனாவை மூடினார்.

அங்கிருந்து நேரே ஒரு ஆடிட்டரிடம் போனோம். வாடகையைக் காட்டினால் எவ்வளவு வரி வரும் என்று, ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கும் குரலில் கேட்டார். ஆடிட்டர் அங்கேயே காகிதத்தில் எழுதினார். வருஷ வாடகை 2,88,000. பழுதுபார்க்க என்று பில்லே இல்லாமல் 30 சதவீதம் கழித்தால் 2,01,600. பென்ஷன் 3 லட்சத்துச் சொச்சம். "2023-24ல இருந்தே புது முறையில 7 லட்சம் வரைக்கும் வரி இல்ல. இப்ப 12 லட்சம். உங்களுக்கு வரியே வராது சார்."

வரி இல்லை என்று கேட்டு ஒரு மனிதர் அப்படி உடைந்துபோய் நான் பார்த்ததில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்து ஒரு பருத்திப்பால் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "அப்ப இத்தன நாளா நான் யார்ட்டடா மறைச்சேன்?"

அடுத்த மாதம் முதல் வீடு தலைகீழானது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "இனிமே ஜிபேல போட்டு விடுங்க, 'வாடகை'ன்னு மறக்காம எழுதுங்க" என்றார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிய வேண்டும் என்று எங்களுக்கே வகுப்பெடுத்தார். அதே சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறதே என்று பின் போர்ஷன் நர்ஸ் கேட்டபோது மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. என்னிடம் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து எழுதித் தரட்டுமா என்றார்.

அப்போதுதான் சொன்னேன், ஊமச்சிகுளம் தாண்டி நானும் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், தையில் காலி செய்கிறேன் என்று. கோபிப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே எக்ஸ்.எல்.லில் மனைக்கு வந்துவிட்டார். பூஜையறையைக் காட்டினேன், பார்க்கவில்லை. என் மனைவி ஆசையாகச் சமையல் மேடையைக் காட்டினாள், தலையசைத்தார். ஏணி வழியாக மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். ஒரு சுற்று நடந்து மூலை மூலையாகப் பார்த்தார்.

"எத்தன மாடிக்குத் தம்பி பில்லர் போட்ருக்க?"

"ஒரு மாடி போதும்ணே. கடன் ஜாஸ்தியாயிரும்."

"புதுமண்டபத்துக்குக் கிழக்கால ராய கோபுரம் நிக்குதே, பாத்திருக்கியா? திருமலை நாயக்கர் ஆரம்பிச்சது. அவராலயே முடிக்க முடியல. ஆனா அடித்தளத்த எம்புட்டு அகலமாப் போட்ருக்காரு பாரு." கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "சிமெண்ட் பால் அடிச்சு வையி. துருப் பிடிச்சிரப்போகுது."