உரிகத்தில் மூன்று நாட்காட்டிகள்

கல்லூரி ஆட்டத்துக்குத் தேதி குறிக்கும் அதிகாரம் யாருடையது? இதை ஆராயக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது. அவ்வூரின் உரிகம் பகுதியில் உள்ள டாக்டர் தி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி, பெளகாவியின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதே உரிகத்தின் கெங்கல் ஹனுமந்தய்யா சட்டக் கல்லூரிக்குத் தலைமை ஹுப்பள்ளியில் இருக்கும் கர்நாடக மாநில சட்டப் பல்கலைக்கழகம். அரசு முதல்நிலைக் கல்லூரியோ, பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 2017இல் மூன்றாகப் பிரிந்தபோது கோலாருக்கு வந்த பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. ஒரே ஊரின் இந்த மூன்று அணிகளும் பல்கலைக்கழகப் போட்டி எதிலும் எதிரெதிரே நிற்பதில்லை.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. 1925இல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறது. அதன் கணக்கில் ஓர் அணி என்றால் ஒரு பல்கலைக்கழகம். அந்த அணியைத் தேர்ந்தெடுக்கத்தான் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். மண்டலப் போட்டியின் தேதி மேலிருந்து வருகிறது. பல்கலைக்கழகம் அதற்கு முன்னால் தன் போட்டியை முடித்தாக வேண்டும். மிஞ்சிய நாட்களில் செமஸ்டர் தேர்வும் இன்டர்னல்ஸும் நெருக்குகின்றன. பி.டி. சார் மேசைக்கு வரும் சர்க்குலரில் நடத்தும் கல்லூரி, நாள், வந்து சேர வேண்டிய நேரம் எல்லாம் முடிவாகியே இருக்கும். அவர் செய்யக்கூடியது, புகைப்படம் ஒட்டிய படிவத்தோடு பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையை இணைத்து, முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்புவதுதான். பெளகாவியில் ஆட்டம் என்றால் பையன்கள் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் போய், அங்கிருந்து ராணி சென்னம்மா விரைவு ரயிலில் ஓர் இரவு பயணம் செய்து இறங்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த அதிகாரம் வேறு விதமாகப் பிறந்தது. 1896இல் உருவான பிக் டென் கூட்டமைப்பு கல்லூரிகள் தாமே சேர்ந்து அமைத்துக்கொண்டது. அமெரிக்கக் கால்பந்தில் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பதைக் கூட்டமைப்பு வகுக்கிறது. மீதி மூன்றை யாருடன் ஆடுவது என்பது கல்லூரியின் விருப்பம். நோட்ர டேம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமலேயே இருக்கிறது. தொலைக்காட்சிப் பணத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸின் இரு பல்கலைக்கழகங்கள் 2024இல் பிக் டென்னில் சேர்ந்து, நியூ ஜெர்சி வரை பறந்து ஆடுகின்றன. அது வருத்தத்துக்குரியதுதான், ஆனாலும் அவர்களே தேர்ந்த வருத்தம். தங்கவயல் கல்லூரிக்கு அந்தத் தேர்வு கிடையாது. எந்தப் பாடம் நடத்துகிறது, எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துச் சட்டமே அதன் பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிடுகிறது. பாடத்துக்கும் தேர்வுக்கும் அது நியாயமான பகுப்பு. பந்துக்கு அதைப் பொருத்தியது யாரும் யோசித்துச் செய்ததல்ல.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: சர்க்குலர் சில நாட்களைத்தான் எடுத்துக்கொள்கிறது, மற்ற நாட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த நாட்கள் முதல்வருடையவை. அமெரிக்கக் கல்லூரி தன் மூன்று ஆட்டங்களைப் பல ஆண்டு முன்னதாகவே ஒப்பந்தம் போட்டு நிரப்புகிறது. நாம் நம் பங்கைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்படும்வரை தங்கவயலின் நேரத்தை ஷிப்ட் சங்கு வகுத்தது. அந்தச் சங்கு ஊருக்குள்ளேயே ஒலித்தது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. இன்று ஒரே தெருவில் வளர்ந்த மூன்று பிள்ளைகள் மூன்று ஊர்களின் தேதிக்குக் காத்திருக்கிறார்கள்.

மூன்று சர்க்குலர்களும் வந்தபின் மூன்று பி.டி. சார்களும் ஒரு மாலை உட்கார்ந்து, மூன்றிலும் காலியாக இருக்கும் ஒரு சனிக்கிழமையைத் தங்களுக்குள் ஆடுவதற்குக் குறிக்கலாம். அதற்கு முதல்வர்கள் மூவரின் கையெழுத்து போதும், பெளகாவிக்கு எழுத வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களின் சங்க விதிப்படி இருபத்தைந்து வயதைத் தாண்டியவர் பல்கலைக்கழகப் போட்டியில் ஆட முடியாது; அந்த விதி இங்கே பொருந்தாததால், வேறு பட்டம் முடித்துவிட்டுத் தாமதமாகச் சட்டம் படிக்க வந்தவர்களும் இந்த ஆட்டத்தில் இறங்கலாம்.