கெர்ரிக்குப் படையெடுப்பு

அயர்லாந்தின் கெர்ரி வளையம் என்ற சுற்றுச் சாலை 179 கிலோமீட்டர். 12 மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து கிளம்பினால், பாதி நாள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதிலேயே கழியும். ஒருவர் பெட்ரோல் போட நின்றால் இன்னொருவருக்குப் படம் எடுக்கத் தோன்றும். மூன்றாமவர் மழைக்கோட்டை மாட்டுவார். மாட்டி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

நாட்டின் மேற்கே சில பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 225 நாள் மழை. மீதி நாட்களில்தான் விளம்பரப் படம் எடுக்கிறார்கள் போலும்.

சுற்றுலாப் பேருந்துகள் வழக்கமாக இடஞ்சுழியாகப் போகும். குழுவும் அப்படியே போனால் நாள் முழுக்கப் பேருந்தின் பின்புறத் தரிசனம். எதிர்த்திசையில் போனால் வளைவுக்கு வளைவு அதன் முகம்.

உள்ளூர்க் கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80லிருந்து 60 ஆக்கினார்கள். நடுவே புல் முளைத்த ஒடுங்கிய பாதையில் 1200 சிசி வண்டியோடு நிற்பவருக்கு அந்த 60கூடப் பேராசைதான். முன்னே போகும் செம்மறிகள் அதைவிடக் கறாரான வரம்பு வைத்திருக்கின்றன.