என்றும் முப்பது

1979 நவம்பரில் சுவீடனின் நால்வர் பாட்டுக் குழுவான 'அபா' லண்டன் வெம்பிளி அரங்கில் தொடர்ந்து ஆறு இரவுகள் பாடியது. நான் அதே லண்டனில், ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு எண்ணிக்கொண்டிருந்தேன். பகலில் கணக்கியல் படிப்பு, இரவில் வேலை, மாத முடிவில் யாழ்ப்பாணத்துக்குக் காசு. இதில் ரிக்கற் எங்கே வாங்குவது?

காசில்லாதது பாதிக் காரணம்தான். மறுபாதி வெட்கம். அப்போது கல்லூரிப் பெடியன்கள் பங்க் இசை கேட்டார்கள். அபா என்றால் வாய்க்குள் சிரித்தார்கள். என் அறையில் இருந்த அண்ணை, "இதெல்லாம் ஒரு பாட்டே தம்பி?" என்பார். அவர் குளிக்கப் போன பிறகுதான் கசற்றைப் போடுவேன். அந்த இளக்காரத்துக்கு அரச முத்திரையே இருந்ததுபோலத்தான் பட்டது. 1974இல் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி அவர்கள் வென்றபோது, போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் அந்தப் பாட்டுக்குப் போட்ட புள்ளி பூச்சியம்.

பூச்சியம் போட்ட அதே நாட்டில், கிழக்கு லண்டனில், இன்று அந்த நால்வருக்கென்றே 3,000 பேர் கொள்ளும் அரங்கு நிற்கிறது. 2022 மே மாதம் திறந்தார்கள். மகள் கைபேசியில் ரிக்கற் எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் என் வயதுக்காரர்களெல்லாம் வெள்ளிச் சட்டையும் மினுங்கும் காற்சட்டையுமாக நின்றார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்தே ரசிகராம். இவ்வளவு பேரும் அப்போது யார் குளிக்கப் போகும்வரை காத்திருந்தார்களோ!

அந்த உடுப்புகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. தெருவில் போட முடியாத அளவுக்குக் கூத்தான மேடை உடுப்பென்றால் சுவீடனில் வரிச்சலுகை கிடைத்தது என்று குழுவின் ப்யோர்ன் உல்வேயஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கணக்காளனாக ஓய்வுபெற்ற எனக்கு அவர்கள் மீதிருந்த மதிப்பு இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. பாவம், வரிசையில் நின்றவர்கள் சலுகை ஒன்றுமில்லாமலே உடுத்தியிருந்தார்கள்.

உள்ளே, 1979இன் தோற்றத்தில் நால்வரும் எழுந்து வந்தார்கள். எழுபதை ஒட்டிய வயதில் நால்வரும் முன்பே உணரி பொருத்திய உடுப்போடு 160 கமெராக்களின் முன்னே ஐந்து வாரம் ஆடிப் பாட, கணினி அவர்களின் வயதைக் கழற்றிவிட்டது. மேடையில் உயிரோடு நின்றவர்கள் பக்கத்தில் வாசித்த பத்து இசைக்கலைஞர்கள்தான். அன்று என்னைவிட மூத்தவர்களாக இருந்தவர்கள் இன்று என் மகளின் வயதில் ஆடினார்கள். எனக்கோ, ஒரு பாட்டுக்கு எழுந்தால் அடுத்த பாட்டுக்கு முழங்கால் அனுமதி தரவேண்டும்.

"இது ஏமாற்று இல்லையா, அப்பா?" என்று மகள் காதுக்குள் கேட்டாள். நான் அந்தப் பழைய மேடையை நினைத்துக்கொண்டேன். 1979இல் குழுவின் பாடகி அக்னெத்தாவும் ப்யோர்னும் மணவாழ்வு முறிந்த நிலையிலும் ஒரே மேடையில் சிரித்துப் பாடினார்கள். வெம்பிளிக்குப் போனவர்களும் அந்தச் சிரிப்பைத்தான் நேரில் பார்த்தார்கள். அதற்கு முன்னால் இந்தக் கணினி சின்னப்பிள்ளை.

கடைசியில் நால்வரும் இன்றைய தோற்றத்தில், நரையும் சுருக்கமுமாக வந்து வணங்கினார்கள். அரங்கு அதிர்ந்தது. உண்மையாகவே வந்துவிட்டார்கள் என்று பக்கத்திலிருந்த பெண்மணி கண்ணைத் துடைத்தார். அதுவும் படம்தான் என்று மகள் அவருக்கு விளக்கினாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். எழுபது வயதுத் தோற்றத்தை மேடையில் காட்ட அவர்களுக்குக் கணினி வேண்டியிருக்கிறது. எனக்கு அது இலவசமாகவே வந்து சேர்ந்திருக்கிறது.